கதையும் கிதாபும்

நம் இல்லங்களில் நூல்களுக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. கூடத்துச் சுவரலமாரியின் மேல்தட்டில் திருக்குர்ஆனும் அதன் விரிவுரையும், நபிமார் வரலாறும், மௌலிதுக் கிதாபுகளும் துணி போர்த்தி மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கும். கதை நூல்கள் அந்தத் தட்டில் ஏறுவதில்லை. அவை தலையணைக்கு அடியிலும் அடுக்களை மாடத்திலும் குடியிருக்கும்; வாப்பாவின் காலடி ஓசை கேட்டால் மூடப்படும். மேல்தட்டில் இருப்பது மெய், தலையணைக்கு அடியில் இருப்பது பொய் என்பது இந்த ஏற்பாட்டின் உட்கருத்து. கைப்பேசி வந்து நூலின் இடத்தையே பெரும்பாலும் பிடித்துக்கொண்ட பின்னரும், நூல் வாங்கும் குடும்பங்களில் இக்கருத்து மாறியதாக நமக்குத் தோன்றவில்லை.

இப்பிரிவினை சரிதானா என்பதை ஈண்டு ஆராய விரும்புகிறோம். அதற்காக, ஒரு முஸ்லிம் குடும்பம் தன் அலமாரியில் வைத்துப் பேணத்தக்கவை என நாம் கருதும் சில நூல்களை, கதையும் கதையல்லாததும் கலந்தே எடுத்துக்கொள்கிறோம். எல்லா நூல்களையும் ஒரே அளவிற் பேசும் நோக்கம் நமக்கில்லை. பேச வேண்டியது மிகுந்திருக்கும் இடத்தில் நின்று பேசுவோம்.

கதைக்கு எதிராக உலமாப் பெருமக்கள் எடுத்துக்காட்டும் சான்று ஒன்று உண்டு. லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கிறது. அதற்கு விரிவுரை எழுதியோர் நள்ரு இப்னு ஹாரிஸ் என்ற மக்கத்துக் குறைஷியின் செய்தியைக் கூறுவர். அவன் பாரசீக மன்னர்களின் கதைகளைக் கற்று வந்து, ருஸ்தும், இஸ்பந்தியார் ஆகியோரின் வீரச் செயல்களைச் சொல்லி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையிலிருந்து மக்களை ஈர்க்க முயன்றவன். இச்சான்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மக்களை நேர்வழியினின்றும் பிறழச் செய்யும் நோக்கத்தையும் அவ்வசனம் சேர்த்தே கூறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை உரைக்கப் புகுமிடத்து, கதைகளுள் மிக அழகியது எனச் சிறப்பிப்பதும் அதே திருமறையன்றோ?

இது நிற்க. மதரஸாவில் ஓதியவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தியை இங்கே பொதுவில் வைக்க விரும்புகிறோம். கதை படிப்பது வீண் என்று மிம்பரில் ஏறிப் பேசும் ஆலிம்களுட் பலர் தம் அரபு மொழியைத் திருத்திக்கொண்டதே ஒரு கதை நூலில்தான். பஸராவைச் சேர்ந்த ஹரீரி (1054–1122) எழுதிய ‘மகாமாத்’ என்ற நூல், நம் நாட்டு அரபுக் கல்லூரிகள் பின்பற்றிய நிஜாமியாப் பாடத்திட்டத்தில் இலக்கியப் பாடமாக இடம்பெற்றது. ஐம்பது மகாமாக்களைக் கொண்ட அந்நூலில் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்ற கற்பனைப் பயணி கதை சொல்கிறான்; அபூ ஜைத் ஸரூஜி என்ற கற்பனை எத்தன் ஊரூராகச் சென்று தன் நாவன்மையால் மக்களை ஏமாற்றுகிறான். ஸன்ஆ நகரத்து முதல் மகாமாவை ஓதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தார் கண்ணீர் சிந்தும்படி பயான் செய்து காணிக்கை பெற்றுச் செல்கிறார் ஒரு பெரியவர். அவரைப் பின்தொடர்ந்து ஒரு குகைக்குட் சென்று பார்த்தால், அவர் தம் சீடனோடு வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுக்குடமுமாக அமர்ந்திருக்கிறார்! போலிப் போதகன் ஒருவனின் வேடம் கலைவதைத்தான் நம் மாணவர்கள் ஸர்பும் நஹ்வும் பார்த்து ஓதினார்கள். இன்னும் ஒரு வியப்பு: ஹதீஸ் அறிவிப்பாளர்கள் கையாளும் வினைச்சொற்களைக் கொண்டே ஹரீரி தம் கதைகளைத் தொடங்குகிறார். கற்பனை மனிதன் ஒருவன் கற்பனை நிகழ்ச்சியை ‘அறிவிக்கிறான்’! தம்மேல் பழி வருமென்று அவர் அறிந்தேயிருந்தார். விலங்குகளையும் பேசாப் பொருள்களையும் பேச வைத்த கதைகளை எவரும் குறை கூறவில்லையே என்று முன்னுரையில் வாதாடியும் இருக்கிறார். அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டதனாலன்றோ பெரியோர்கள் அந்நூலைப் பாடமாக வைத்தார்கள்?

தமிழில் நம் முன்னோர் செய்ததும் இதுவே. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’, இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது. மதீனத்து யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகத்திடம் வினாக்கள் தொடுக்க, நாயகம் விடை பகர்வதாக அமைந்தது அந்நூல். இனி, புகாரி ஷரீபைத் திறந்து பார்த்தால் அங்கே அவர் கேட்டவை மூன்றே வினாக்கள்: இறுதி நாளின் முதல் அடையாளம் யாது, சொர்க்கவாசிகளின் முதல் உணவு யாது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால் என்பன. மூன்று ஆயிரமானது எங்ஙனம்? மக்கள் மேலும் கேட்க விரும்பினார்கள். புலவர்கள் அவ்விருப்பத்துக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். அரபியிற் பிறந்த இதே வினா நூல் மலாய் மொழியிலும் ஜாவா மொழியிலும் சென்று வழங்கியதை ரோனித் ரிச்சி என்ற அறிஞர் 2011இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். தமிழ் நூலையும் அவர் அவற்றோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். காயலிலும் கீழக்கரையிலும் நம் உம்மம்மாமார் அரபுத் தமிழில் எழுதப்பெற்ற கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் இராகமிட்டு ஓதியபோது, இது ஸஹீஹான அறிவிப்பு, இது புனைந்துரை என்று பகுத்துக்கொண்டா ஓதினார்கள்? அவற்றை அவர்கள் மேல்தட்டிலேயே வைத்திருந்தார்கள். கதை, மேல்தட்டிலிருந்து இறக்கப்பட்டது பிற்காலத்து நிகழ்ச்சி.

அச்சு வந்த பின்னர் கதைக்கு ஏற்பட்ட கூச்சத்தை நூற்பெயர்களே காட்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் நாவலுக்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) என்று பெயரிட்டார். ஆறாண்டு கழித்துக் கண்டியில் வழக்கறிஞராயிருந்த முஹம்மது காசிம் சித்திலெப்பை ‘அஸன்பே சரித்திரம்’ (1885) எழுதினார். இரண்டும் சரித்திரம் அல்ல. இரண்டும் அப்பெயரைப் போர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்தியவரும், இலங்கை முஸ்லிம்களின் பள்ளிக் கல்விக்காகப் பாடுபட்டவருமான சித்திலெப்பை, எகிப்தில் பிறந்து சிறு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்த ஓர் இளைஞனைக் கதாநாயகனாக்கினார். எகிப்தின் புரட்சித் தலைவர் அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்ததையும், சித்திலெப்பையின் கல்விப் பணிக்கு அவர் துணை நின்றதையும் நோக்கினால், கதை எகிப்தில் தொடங்குவது தற்செயல் அன்று என்றே கருதுகிறோம். நூலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். எதிர்பாராச் சந்திப்புகள் அளவுக்கு மிஞ்சி நிகழ்கின்றன. வேண்டிய நேரத்தில் வேண்டிய மனிதர் வந்து நிற்கிறார். ஆனாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டினால் அக்குறை அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பொய் என்ற குற்றச்சாட்டு இவ்வளவில் அமையும். அதனினும் கனமான குற்றச்சாட்டு ஒன்று அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது: நம்மவர் எழுதும் நாவல்கள் சமுதாயத்தின் மானத்தைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றன என்பது அது. இதற்கு விடை தேடக் கதை நூலிடம் செல்லாமல், மேல்தட்டில் இருக்கத் தகுதியுள்ள ஒரு மெய்ந்நூலிடம் செல்வோம்.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’ 1355இல் எழுதி முடிக்கப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் எழுதினார். டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாகப் பணிபுரிந்த அப்பயணி இலங்கையில் பாவா ஆதம் மலையை ஏறித் தரிசித்த பின், மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது மதுரையை ஆண்டவன் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவன் பயணிக்கு அயலான் அல்லன், சகலை. மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மக்கள் இருவரை இவ்விருவரும் மணந்திருந்தனர். அவன் தம் உறவினன், முஸ்லிம், விருந்தளித்தவன் என்பதற்காக இப்னு பதூதா எதையேனும் மறைத்தாரா? காடுகளிற் பிடித்த இந்துக்களைக் கழுவேற்றியதையும், பெண்டு பிள்ளைகளைக் கொன்றதையும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கைதி ஒருவன் கொண்டுவரப்பட்டு கத்திகள் உருவப்பட்டபோது பயணி எழுந்து நடக்கிறார். எங்கே செல்கிறீர் என்று சுல்தான் கேட்கிறான். அஸர் தொழப் போகிறேன் என்கிறார். காரணத்தைப் புரிந்துகொண்ட சுல்தான் சிரிக்கிறான். இத்தகைய கொடுமையை வேறெந்த மன்னனிடத்தும் தாம் கண்டதில்லையென்றும், அதன் பொருட்டே அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பயணி முடிவுரை கூறுகிறார்.

அறுநூற்றெழுபது ஆண்டுகளாக இந்நூலை உலகம் படித்து வருகிறது. ஒரு காஜி தம் சொந்தச் சகலையின் கொடுமையை எழுதிச் சமுதாயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எவரும் வருந்தியதாக நாம் அறியோம். உங்களுக்கும் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தை நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தில் ஓதுகிற நாம், வரலாற்றாசிரியனுக்குக் கொடுக்கும் அந்த உரிமையைக் கதாசிரியனுக்கு மட்டும் மறுப்பது ஏன்? (இப்னு பதூதா கூறுவதெல்லாம் அவர் நேரிற் கண்டது என்றும் நம்பிவிட வேண்டா. மக்கா, திமிஷ்கு நகரங்களைப் பற்றிய பகுதிகளிற் சில, அவருக்கு முந்திய இப்னு ஜுபைரின் பயண நூலிலிருந்து எடுத்தவை என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். மெய்ந்நூலிலும் இரவல் உண்டு!)

இந்த வினாவோடு தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) அவர்களின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் திறக்க வேண்டும். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலான நாவல் இது. சுதந்திரத்திற்கு முற்பட்ட திருவிதாங்கூரின் ஒரு கடற்கரை முஸ்லிம் ஊர். ஊரையே தன் காலடியில் வைத்திருக்கும் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி. மந்திரமும் தண்ணீரும் ஓதி மக்களை மயக்கும் தங்ஙள். ஆங்கிலப் பள்ளி வந்தால் தீன் கெட்டுவிடும் என்று நடுங்கும் கூட்டம். இவற்றுக்கிடையே முதலாளிக்குத் தலை வணங்க மறுக்கும் மஹ்மூது என்ற ஏழைச் சுறாப்பீலி வியாபாரி. போலித் தங்ஙளைக் கண்டு மனம் புண்பட்ட அன்பர்கள் ஹரீரியின் குகையை நினைத்துப் பார்க்கட்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் ஓதப்பட்ட எத்தன் தமிழில் வந்தால் மட்டும் எப்படி அவதூறாவான்?

இந்நாவலின் வலிமை அதன் கோபத்தைக் காட்டிலும் அதன் காதுகளில் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்து மக்கள் பேசும் தமிழ் – மலையாளமும் அரபும் கலந்து, கடலின் உப்பேறிய அத்தமிழ் – முதன்முறையாக அங்கே எழுத்தில் ஒலித்தது. செந்தமிழ் பயின்ற நமக்கு முதற் பக்கங்கள் கரடுமுரடாகத்தான் இருந்தன. இருபது பக்கம் பொறுத்துப் படிப்பவருக்குப் பாதை தெளிவாகிவிடும். முதலாளியின் பாத்திரம் சில இடங்களில் முழுக் கறுப்பாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பது நம் குறை. 1997இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில் அக்குறை இல்லை. உழைப்பறியாமல் நாற்காலியிற் சாய்ந்தபடி முன்னோர் தேடிய பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணுவை வெறுக்கவும் முடிவதில்லை; அவனைப் போன்ற ஒருவர் நம் உறவிலும் இருக்கிறாரே என்ற எண்ணம் வந்து குறுக்கே நிற்கிறது. எந்தக் குடும்பத்திலும் சொத்துப் பிரிவினைக்கு முன்னால் இந்நூலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பெண்கள் எழுதியவற்றைப் பற்றிப் பேசாமல் இந்த அடுக்கு நிறையாது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரைச் சொல்லுவர். திரைச்சீலைக்குள் இருந்த ஒரு பெண் ‘காதல்’ என்ற சொல்லைத் தலைப்பில் அச்சிட்டபோது ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை வாசக அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2004இல், சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதியவர் அதன் ஆசிரியர். ஒரு சிற்றூரின் முஸ்லிம் வீடுகள், அவற்றின் அடுக்களைகள், அங்கே ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் பேசிக்கொள்ளும் பேச்சு – இவையே நூல். சிறுமி ராபியாவின் கண்கள் வழியே பார்க்கும் பகுதிகள் மிக உயர்ந்தவை. ஆண்களுக்கு ஒரு நீதியும் பெண்களுக்கு ஒரு நீதியுமாக ஜமாஅத் தீர்ப்பு வழங்கும் ஊரில், கைம்பெண்ணின் மறுமணத்துக்குத் தீன் தந்த உரிமையை ஊர் வழக்கம் எவ்வளவு கசப்பாக்கிவிடுகிறது என்பதை, நிகாஹ் பாடத்தை ஆண்டாண்டாக ஓதிக் கொடுத்த நாம் இந்நூலிற் கண்டது போல் வேறெங்கும் கண்டதில்லை. பிக்ஹுக் கிதாபு சட்டத்தைச் சொல்லும். அச்சட்டம் மறுக்கப்பட்ட வீட்டில் இரவு எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்லாது.

குறைகளும் உள. பாத்திரங்கள் மிகுதி, யார் யாருக்கு என்ன உறவு என்று நினைவிற் கொள்ள ஒரு தாள் வேண்டும். ஒரே துயரம் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆண்கள் வாசலில் நிழலாடிப் போகிறார்களேயன்றி மனிதர்களாக உள்ளே வருவதில்லை. சில பக்கங்கள் குடும்பத்தார் கூடியிருந்து உரக்கப் படிக்கத் தக்கனவும் அல்ல. ஆகவே இதனைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. கல்லூரிக்குச் செல்லும் மகள் படிக்கட்டும். அவளுக்கு முன்னே அவளுடைய உம்மா படிக்கட்டும். வாப்பாவும் படித்தால், மகள் தலையணைக்கு அடியில் ஒளிக்க வேண்டிய தேவை இராது.

கதை எது, மெய் எது என்று பிரிக்கவியலாத இரண்டு நூல்களைச் சுருக்கமாகச் சுட்டுகிறோம். எகிப்தின் தாஹா ஹுஸைன் எழுதிய ‘அல்-அய்யாம்’ முதற் பாகம் 1929இல் நூலாயிற்று. அறியாமை மருத்துவத்தாற் சிறு வயதிலேயே கண்ணிழந்தவரின் தன்வரலாறு அது. ஆயினும் ‘நான்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘நம் தோழன்’ என்று வேறொருவனைப் பற்றிச் சொல்வது போலவே செல்கிறது. குர்ஆனை மனனம் செய்து முடித்ததாக ஊரெல்லாம் பெயர் வாங்கிய சிறுவன், தந்தையின் முன்னிலையில் ஓதச் சொன்னபோது மறந்துபோய் நிற்கும் இடமும், அதன் பொருட்டு அவனுடைய மக்தபு உஸ்தாது படும் பாடும் ஓதிக் கொடுக்கும் தொழிலிலுள்ள எவரையும் சிரிக்க வைத்து, உடனே வியர்க்கவும் வைக்கும். அரபு ஓதும் நம் மாணவர்கள் இதன் எளிய நடைக்காகவே இதனைப் படிக்க வேண்டும்.

மற்றொன்று வைக்கம் முஹம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ (1959). மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்தது. உம்மாவும் தம்பிமாரும் தங்கைமாரும் அவர்தம் பிள்ளைகளுமாக நெருக்கும் வீட்டில் எழுத்தாளர் ஓய்வெடுக்க வந்து சேர்கிறார். தங்கை பாத்துமாவின் ஆடு அவர் எழுதிய நூல்களையே தின்றுவிடுகிறது. விமரிசகர்களுள் அந்த ஆட்டைப் போல் ஒரு நூலை முழுமையாக உள்வாங்கியவர் சிலரே! இதனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டில் உரக்கப் படிக்க இதனினும் பொருத்தமான நூல் நம் பட்டியலில் இல்லை.

இறுதியாக, மேல்தட்டுக்குரிய மெய்ந்நூல்கள் பற்றிச் சில சொற்கள். நம் வீடுகளில் உள்ள வலிமார் சரித்திரங்கள் பலவற்றில், இன்னார் சொன்னார், இன்ன நூலில் உள்ளது என்ற குறிப்பே இராது. அறிவிப்பாளரின் நாணயத்தைச் சோதிப்பதற்கென்றே ஒரு கலையை வளர்த்த சமுதாயம், சரித்திரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அக்கலையை மறந்துவிடுகிறது. நாவலாசிரியன் தன் நூல் கற்பனை என்று முதற் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறான். சான்றில்லாத சரித்திரமோ அவ்வொப்புதலையும் தருவதில்லை. எனவே மெய்ந்நூல் வாங்குவோர் அதன் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்களும் பீ. மு. அஜ்மல் கான் அவர்களும் சேர்ந்து எழுதி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்ட ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ அவ்வகையில் துணிந்து வாங்கத்தக்கது. தொடர்ந்து படிப்பதற்குச் சுவையான நடை என்று சொல்லமாட்டோம்; வேண்டும்போது எடுத்துப் பார்க்கும் நூல் அது. தொண்டி எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்களின் ‘முஸ்லிம் தமிழ்ப் புலவர்கள்’ அளவிற் சிறியது, நடையில் இனியது. பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கும்போது முதற் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. தம் ஊரில் பிறந்த புலவர் எவரேனும் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கச் சொன்னால் போதும்.